மறுபடி நிறுத்துபவர்கள்

குடியை நிறுத்தியவர் மறுபடி குடிப்பது அந்த நோயின் போக்கிலேயே உள்ள ஒன்று. தாமஸ் மெக்லெல்லனும் உடன் ஆய்ந்தவர்களும் 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரை இதைக் கணக்கோடு சொன்னது. மது அல்லது போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை முடித்து வெளியே வருபவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் பழையபடி தொடங்கிவிடுகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு ஆகியவற்றிலும் மருந்தை விட்டுவிட்டு நோய் முற்றித் திரும்பி வருபவர்கள் ஏராளம் என்பதை அதே கட்டுரை பக்கத்தில் வைத்துக் காட்டியது. மாத்திரையை விட்டு அழுத்தம் ஏறியவரிடம் மருத்துவர் மாத்திரையை மாற்றிப் பார்க்கிறார். மறுபடி குடித்தவரிடம் மட்டும் ‘இனி இவன் தேறமாட்டான்’ என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை அவரே நம்பிவிடுவதால்தான் பல சறுக்கல்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீள்கின்றன.

ஒரு நாள் சறுக்குவதும் பழைய குடிக்கே திரும்பிவிடுவதும் ஒன்றல்ல. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இவற்றைப் பிரித்துக் காட்டியதோடு, முதலாவது ஏன் இரண்டாவதாக மாறுகிறது என்றும் விளக்கினார். கல்யாண வீட்டு மாடியில் யாரோ நீட்டிய ஒரு கிளாஸை வாங்கிக் குடித்தவருக்கு மறுநாள் இரண்டு வழிகள் உண்டு. நடந்ததை மருத்துவரிடமோ வீட்டிலோ சொல்லி அங்கேயே நிற்கலாம். ‘எப்படியும் கெட்டாயிற்று, இனி ஒன்றானால் என்ன, பத்தானால் என்ன’ என்று போகவும் செய்யலாம். இந்த இரண்டாவது எண்ணம் பிறப்பது குற்ற உணர்விலிருந்து. வெட்கத்தால் மறைக்கிறார், மறைப்பதால் ஆலோசகரைப் பார்ப்பதை நிறுத்துகிறார், கேட்க ஆளில்லாததால் குடி கூடுகிறது.

உடலும் இதற்குத் துணைபோகிறது. கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் ஆகிய இருவர் 1976-இல் குடிச்சார்பின் அடையாளங்களை வரிசைப்படுத்தியபோது, இடைவெளிக்குப் பின் தொடங்கினால் சார்பு விரைவாகத் திரும்பிவிடும் என்பதையும் அதில் ஒன்றாகச் சேர்த்தார்கள். முதல் தடவை காலையில் எழுந்ததும் குடிக்கும் நிலைக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கலாம். இரண்டாம் தடவை அந்த நிலைக்குச் சில வாரங்களே போதும். ‘இத்தனை நாள் விட்டிருந்தேனே, இனி அளவாகக் குடிக்கலாம்’ என்ற கணக்கு, கடுமையான சார்பு இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பொய்த்துப்போவது இதனால்தான்.

அளவு என்பதையும் கணக்காகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கும் குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அதாவது ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 61 கிராம் ஆல்கஹால். ஒரு அளவு மது என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு 10 கிராம். எனவே ‘ஒரே ஒரு குவார்ட்டர்’ என்பது ஆறு அளவு. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். இரவு பத்து மணிக்கு இரண்டு குவார்ட்டரை முடித்துவிட்டுப் படுத்தவரின் ரத்தத்தில் மறுநாள் காலையிலும் மது மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் இறங்க இறங்கத்தான் கை நடுக்கம் தொடங்குகிறது. டாஸ்மாக் கடை நண்பகல் 12 மணிக்குத் திறப்பதற்குள் கூடுதல் காசு கொடுத்துக் கள்ளத்தனமாக வாங்கிக் குடிப்பவர் பலருக்கு அப்போது தேவைப்படுவது போதையல்ல, நடுக்கம் நிற்பது.

இந்த நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. நாள்பட்ட குடியில் மூளை இதற்கு ஈடாகத் தன் அமைதியைக் குறைத்துத் தூண்டலைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மது நின்றதும் தூண்டல் மட்டும் மிஞ்சுகிறது. ஆறு மணி நேரத்திலிருந்து வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை வருகின்றன. காபி டம்ளரை ஒரு கையால் தூக்க முடிவதில்லை; சட்டைப் பொத்தான் துளையில் ஏறுவதில்லை; வங்கிச் சலானில் போடும் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போவதில்லை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் நிலை வரும்: நாள், இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே பறிக்கக்கூடிய நிலை இது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து கடைகள் ஒரேயடியாக மூடியபோது மருத்துவமனைகளுக்கு இப்படி வந்தவர்கள் பலர்.

மறுபடி நிறுத்துபவருக்கு இந்த ஆபத்து முதல் தடவையைவிட அதிகம். நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கிச் செல்பவருக்கு ஒவ்வொரு தடவையும் விலகல் அறிகுறிகள் கடுமையாகலாம் என்று பேலஞ்சர், போஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் 1978-இல் எழுதினார்கள். முந்தைய தடவை வெறும் நடுக்கத்தோடு போனவருக்கு இந்தத் தடவை வலிப்பு வரலாம். ‘போன தடவை வீட்டிலேயே சமாளித்தோமே’ என்பதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவர்களும், கல்லீரல், இதய நோய் உள்ளவர்களும், காலையிலேயே குடிக்க வேண்டியிருப்பவர்களும் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

அங்கே நடப்பது எளிமையானது. குளோர்டயஸிபாக்சைடு அல்லது டயஸிபாம் கொடுத்து மூளையை அமைதிப்படுத்தி, ஒரு வாரம் பத்து நாளில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸிபாம். இதோடு தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசி. சோறு குறைந்து குடி கூடியவர்களின் உடலில் இது வற்றிப்போயிருக்கும். பற்றாக்குறை முற்றினால் கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, புத்தி குழம்பும். கார்ல் வெர்னிக்கே 1881-இல் விவரித்த நோய் இது. கவனிக்காமல் விட்டால் புதிய நினைவுகள் தங்காத நிலையில் கொண்டுபோய் விடும். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பாகிவிடுவார்’ என்று தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப்போவது பல குடும்பங்களின் வழக்கம். தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்ச வைட்டமினும் செலவாகி அந்த நோயே தூண்டப்படலாம்.

உடல் தெளிந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைப்பது பல சறுக்கல்களுக்கு முதற்காரணம். குடிக்க வேண்டும் என்ற வேகத்தைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. நால்ட்ரெக்ஸோன் மது தரும் இன்பத்தை மழுங்கச் செய்கிறது. அகாம்ப்ரோசேட் குடியை நிறுத்திய பின் வரும் வேட்கையைத் தணிக்கிறது. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு பேக்லோஃபென் கொடுப்பதுண்டு. டைசல்ஃபிராம் வேறு வகை: அதை எடுப்பவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இது நிகழலாம். இருமல் மருந்திலும் அரிஷ்டத்திலும் உள்ள ஆல்கஹாலே போதும். குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பிலோ காபியிலோ இதைக் கலந்துகொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. இதயம் பலவீனமானவருக்கு அது உயிராபத்து. தெரிந்து, சம்மதித்து, வீட்டில் ஒருவர் பார்க்க விழுங்கினால்தான் அந்த மாத்திரை பயன் தரும்.

இரண்டாம் முறை நிறுத்துபவருக்கு முதல் முறை இல்லாத ஒரு வசதி உண்டு: எங்கே வழுக்கியது என்று பார்க்க ஒரு வரலாறு இருக்கிறது. நல்ல ஆலோசகர் முதல் கிளாஸிலிருந்து பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போவார். அதற்கு முந்தைய நாள் என்ன, முந்தைய வாரம் என்ன, மாத்திரையை எப்போது விட்டார், குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போவதை எப்போது நிறுத்தினார், பழைய கூட்டாளியின் போனை எப்போது மறுபடி எடுத்தார். பெரும்பாலும் சறுக்கல் தொடங்கியது முதல் கிளாஸுக்குப் பல வாரம் முன்பே என்று தெரியவரும். சறுக்கலின் காரணங்களில் பெரும்பகுதியை மார்லட் மூன்றாகத் தொகுத்தார்: கோபம், சோர்வு, தனிமை போன்ற மனநிலைகள், வீட்டிலோ வேலையிலோ சண்டை, மற்றவர்களின் வற்புறுத்தல்.

காரணம் தெரிந்தால் ஏற்பாடு செய்யலாம். சனிக்கிழமை மாலை கூலி வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போன கொத்தனார், கூலியை மனைவியின் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம். அந்த மாலையில் மேஸ்திரியோடு பேருந்து நிறுத்தம் வரை நடக்காமல் மகனை வண்டியோடு வரச் சொல்லலாம். கல்யாணத்தில் சறுக்கியவர் முகூர்த்தத்துக்குப் போய், பந்தி முடிந்ததும் கிளம்பிவிடலாம். குடிக்க வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுவதும், ஒருவரோடு பேசுவதும், இடத்தை விட்டு நகர்வதும் கைகொடுக்கும். மன உறுதி வேண்டாம் என்பதல்ல; உறுதியை மட்டும் நம்பி அதே சனிக்கிழமை அதே தெருவில் நடப்பது வீண் சோதனை.

தமிழ்நாட்டில் பலர் நிறுத்தும் வழி விரதம். சபரிமலைக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாள் குடிக்காமல் இருக்கிறார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள். மாலைக்கு மதிப்புக் கொடுத்து யாரும் கிளாஸை நீட்டுவதில்லை என்பது அதன் பலம். மாலையைக் கழற்றும் நாள் முன்கூட்டியே தெரிந்திருப்பது அதன் பலவீனம். நாற்பத்தொரு நாள் முடிவதற்குள் மருத்துவரைப் பார்த்து அடுத்த மாதத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டால் அந்த விரதம் நல்ல தொடக்கமாகும். கடும் சார்பு உள்ளவர் மாலை போடும் அன்றே திடீரென்று நிறுத்தினால் முன் சொன்ன வலிப்பு ஆபத்தும் உண்டு.

மறுபடி குடித்தவர் மறுபடி நிறுத்தியதிலிருந்தே ஓர் இயக்கம் தன் பிறந்தநாளைக் கணக்கிடுகிறது. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பாப் குடியை நிறுத்தினார். சில வாரத்தில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போய், நினைவிழக்கும் வரை குடித்துவிட்டுத் திரும்பினார். வில்சன் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். ஜூன் 10 காலை அறுவை சிகிச்சைக்குக் கை நடுங்காமல் இருக்க அவருக்கு ஒரு பீர் கொடுக்கப்பட்டது. அதுவே அவருடைய கடைசிக் குடி என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) என்ற அந்த இயக்கம் கொள்கிறது. தன் தொடக்க நாளாகவும் அந்த நாளையே வைத்திருக்கிறது. 1950-இல் இறக்கும் வரை பாப் குடிக்கவில்லை. இன்று தமிழ்நாட்டிலும் நடக்கும் ஏ.ஏ. கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனை தடவை சறுக்கியவரும் வந்து உட்காரலாம்.

குடும்பத்துக்கு இந்தத் தடவை கடினமானது, மறுபடி நம்புவது. முன்பு நம்பி ஏமாந்தவர்கள் சந்தேகப்படுவது இயல்பு. வாயை முகர்வதும் பையைத் துழாவுவதும் சண்டையில் முடிகின்றன. சண்டையோ சறுக்கலுக்கான காரணங்களில் ஒன்று. மாத்திரையை யார் எடுத்துக்கொடுப்பது, பணம் யார் கையில், சறுக்கினால் அன்றே யாரிடம் சொல்வது என்று இரு தரப்பும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் உளவு பார்க்க வேண்டியதில்லை. அவருடைய கடனை அடைப்பதும், முதலாளியிடம் ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்வதும் உதவியல்ல. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் இதையே கற்றுத்தருகின்றன. மறுவாழ்வு மையம் என்ற பெயரில் அடித்துப் பூட்டி வைக்கும் இடங்களில் தள்ளுவது தீர்வல்ல, சட்டப்படியும் குற்றம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மதுவால் வரும் மனநலக் குறைகளையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. பதிவு பெற்ற மையமா என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

மீட்சி ஒரே வேகத்தில் வருவதில்லை. கல்லீரலில் படிந்த கொழுப்பு சில வாரங்களில் கரையத் தொடங்கும், ரத்தத்தில் ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு இறங்குவதைப் பரிசோதனைச் சீட்டிலேயே பார்க்கலாம். கல்லீரல் சுருங்கிவிட்டிருந்தால் அது பழையபடி ஆகாது, ஆனால் மேலும் கெடுவது மட்டுப்படும். தூக்கம் சீராகப் பல மாதம் பிடிக்கும். காரணமில்லாத எரிச்சலும் வெறுமையும் அதுவரை வந்து போகும். இவை நோய் ஆறும் கட்டம் என்று தெரியாதவர்கள் ‘குடிக்கும்போதே நன்றாக இருந்தேன்’ என்று திரும்பிவிடுகிறார்கள். பல பத்தாண்டுகள் ஆண்களின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வாளர் ஜார்ஜ் வெய்லண்ட், ஐந்தாண்டு குடிக்காமல் கடந்தவர்கள் மறுபடி விழுவது அரிது என்று கண்டார். சறுக்கலுக்கு முன் குடிக்காமல் இருந்த காலமும் வீணல்ல. அப்போது கற்றுக்கொண்ட பழக்கங்கள் இப்போதும் உதவும்.

2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுகள் இதற்குச் சிகிச்சை தருகின்றன. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை போன்ற தொண்டு அமைப்புகளும் உண்டு. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. முதல் தடவை மருத்துவரைப் பார்க்கும்போது நான்கு விவரங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கடைசியாகக் குடித்த நேரம், ஒரு நாளைக்குக் குடிக்கும் அளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா, இப்போது எடுக்கும் மாத்திரைகள். எங்கே வைத்து, எந்த மருந்தோடு நிறுத்துவது என்பதை மருத்துவர் இந்த நான்கைக் கொண்டே முடிவு செய்கிறார்.