பந்தல் பிரித்த பிறகு

திருவிழா முடிந்த மறுநாள் ஏரல் ஆற்றங்கரையைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்கள். கடைக்காரர்கள் தார்ப்பாயை மடிக்கிறார்கள். நேற்றுவரை கால் வைக்க இடமில்லாத மணலில் இன்று காகிதமும் கரும்புச் சக்கையும்தான் கிடக்கின்றன. மனசு வெறிச்சென்று ஆகிவிடுகிறது.

2022-ல் அந்த வெறுமையை நாம் இரண்டு முறை அனுபவித்தோம். சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக் கூட்டம் அலைமோதிய ஜூலை 28-ம் தேதியன்றுதான், சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. இந்தியாவில் அது நடந்தது அதுவே முதல் தடவை. 180-க்கும் மேற்பட்ட நாட்டார் மாமல்லபுரத்தில் கூடினார்கள்.

கூலியை விட்டுவிட்டுச் சுமார் 600 கிலோமீட்டர் போய்ப் பார்க்க நம்மால் ஆகுமா? டீக்கடை பெஞ்சில் ஒரு செல்போனைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம். வாழைத்தார் சுமக்கிறவர்கள், மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் காய்களின் நடையைச் சொல்லிக்கொடுத்தான். மூன்றாம் நாளே, "குதிரையை எடுத்து வைடா!" என்று சத்தம் போடும் அளவுக்குத் தேறிவிட்டோம்.

ஆகஸ்ட் 9, கடைசிச் சுற்று. அதுவரை நமது பெண்கள் அணியே முதலிடத்தில் இருந்தது. தங்கம் நமக்குத்தான் என்றிருந்தோம். அமெரிக்காவிடம் 1-3 என்று தோற்று, வெண்கலத்தோடு நின்றது. பெஞ்சில் யாரும் பேசவில்லை. இளம் பிள்ளைகள் ஆடிய இந்திய இரண்டாம் அணி ஜெர்மனியை வென்று வெண்கலம் பெற்ற பிறகுதான் டீ தொண்டையில் இறங்கியது.

பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும், பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. இந்தப் போட்டி ருஷ்யாவில் நடக்க வேண்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டதால்தான் நம் பக்கம் வந்தது. குண்டு விழும் நாட்டிலிருந்து வந்த பெண்கள் நம் மண்ணில் ஜெயித்தார்கள். நமது தோல்வியை மறந்து கை தட்டினோம். 1945-ல் நாகசாகியின்மீது அமெரிக்கா அணுகுண்டு போட்டதும் இதே ஆகஸ்ட் 9-ம் தேதிதான். "இனி சண்டையென்றால் இந்த அறுபத்து நாலு கட்டத்துக்குள்ளே மட்டும் நடக்கட்டும்" என்றார் ஒரு பெரியவர். இதைவிட நல்ல சமாதானத் தீர்மானத்தை எந்த மாநாட்டிலும் நாம் கேட்டதில்லை.

அன்று மாலை நிறைவு விழா. செல்போன் அணைந்தது. "இனி எப்ப அண்ணாச்சி நம்ம பக்கம் நடக்கும்?" என்று பையன் கேட்டான். நம்மிடம் பதில் இல்லை. அவனிடம் சொந்தமாக ஒரு செஸ் பலகைகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அட்டையில் கோடு கிழித்து, சோடா மூடிகளை வைத்து ஆடிப் பழகியவன் அவன்.

2024-ல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இரண்டு தங்கமும் இந்தியாவுக்கு வந்தன. அதே ஆண்டு டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். நமக்குப் பெருமைதான். அவருடைய தந்தை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தொழிலையே நிறுத்திவைத்தவர். அந்தத் தியாகத்தை மதிக்கிறோம். ஆனால் கூலிக்காரத் தகப்பன் ஒரு நாள் வேலையை நிறுத்தினால் அன்றைக்கு அடுப்பு எரியாதே! அவன் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

வழி இல்லாமல் இல்லை. 1972-ல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் மிகயீல் தால் பெயரில் ஒரு செஸ் மன்றம் ஏற்பட்டது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் அதற்குத் துணை நின்றார். அங்கே ஆடிப் பழகிய பையன்களில் ஒருவர்தான் விஸ்வநாதன் ஆனந்த். ஒரு அறை, சில பலகைகள், சொல்லிக்கொடுக்க ஒரு மனிதர். இவ்வளவுதான் தேவைப்பட்டது.

மாமல்லபுரத்துக்கு 90 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிய சர்க்காருக்கு, ஊர் நூலகம் ஒவ்வொன்றிலும் நாலு பலகையும் ஒரு ஆசிரியரும் பாரமா? திருவிழா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பந்தல் பிரித்த பிறகு ஊரில் என்ன மிஞ்சியது என்றுதான் கேட்கிறோம்.

கேட்டுக்கொண்டே சும்மா இருக்கவும் கூடாது, தோழர்களே! வசூல் போட்டு வாங்கிய பலகை ஒன்று இப்போது நம் சங்கக் கட்டடத்தில் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சங்கத்திலும் ஒன்று வாங்கி வையுங்கள். சோடா மூடி வைத்து ஆடும் பிள்ளை அங்கேயும் ஒருவன் இருப்பான்.