பணம் எங்கே நின்றது?

ஊரிலுள்ள பெற்றோர்க்குக் கைப்பேசி வழியே பணம் அனுப்புகிறோம். நம் கணக்கில் தொகை குறைந்துவிட்டது, அவர்கட்கோ சேரவில்லை. மருந்துக்கான பணமாயின் மனம் என்ன பாடுபடும்! இடையிலுள்ள கணிப்பொறிகளுள் எதில் நின்றது?

வெளிக்குறிகளைக் கொண்டே உள்நிலையை உணரக்கூடிய தன்மையை 1960-ஆம் ஆண்டளவில் ருடால்ஃப் கால்மன் என்னும் அறிஞர் கட்டுப்பாட்டியலில் வரையறுத்தார். மென்பொருளார் அதனைத் தம் துறைக்கும் கொண்டனர். தவறியவை எத்தனை என்பதை அளவீடுகள் சொல்லும். நடந்ததை நேரத்தோடு பதிவேடு சொல்லும். நம் தொகையைத் தேடுவோர்க்கோ தடமே துணை. கோரிக்கை புறப்படும்போதே அதற்கோர் எண் இட்டு, பொறிதோறும் உடன் அனுப்புவர்; விரைவுத் தபாலுக்கு எண் இடுவதில்லையா, அதுபோல. இடையிலொரு பொறி அவ்வெண்ணைக் கைவிட்டால் தடம் அங்கேயே அறுபடும்.

அவ்வெண் நம் கண்ணுக்குப் புலப்படாது. திரையில் தோன்றும் பரிமாற்ற எண் வேறு. அதனையேனும் அன்பர்கள் குறித்து வைப்பார்களாக.