அழுதால் பெண், ஆக்கிப்போட்டால் ஊரார்!

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. பொருநை கரை மீறிற்று. நெல்லைச் சந்திப்பு நீரில் நின்றது. ஏடுகளும் தொலைக்காட்சிகளும் திரும்பத் திரும்ப எதைக் காட்டின? விரிந்த கூந்தல், கூப்பிய கரம், கதறும் வாய். பெண், பெண், பெண்! ஆற்றையும் விட்டார்களா? 2018இல் புஷ்கரம் என்று ஆரத்தி எடுத்தபோது அது அன்னை. பெருகி வந்தால் சீற்றங்கொண்ட அன்னை! காற்றழுத்தத்துக்கும் சேலை கட்டிவிடும் அறிவை என்னென்பது!

துயரைப் படமெடுக்காதே என்கிறோமா? இல்லை. படம் கண்டுதான் பல கைகள் ஈயும், அறிவோம். ஆனால், அழுவது ஒன்றுதானா அவள் தொழில்?

திருவைகுண்டத்தில் தொடர்வண்டி சிக்கிற்று. ஏறத்தாழ 800 பயணிகள். அருகிலுள்ள புதுக்குடியார் சோறாக்கிப் பசி தீர்த்தனர். 'ஊர்மக்கள் உணவளித்தனர்' என்றது செய்தி. கண்ணீர் வடித்தால் 'பெண்கள்'. உலை வைத்தால் 'ஊர்மக்கள்'! இலக்கணம் கற்பிக்கும் எமக்கே விளங்காத பால் பகுப்பு இது.

வெள்ளம் வடிந்தபின் எம் வகுப்பில் ஒரு சிறுமி கட்டுரையில் எழுதினாள்: அம்மா முதலில் பரணில் ஏற்றியது பீடிச் சுளகையும் தூளையும், அதன் பிறகே அரிசியை. தூள் நனைந்தால் கூலியில் பிடிப்பார்களாம். அந்தச் சுளகை எந்தப் படக்கருவி கண்டது?

கடலூரை நினைப்போம். 2004 டிசம்பர் 28இல், ஆழிப்பேரலைக்குப் பின், அங்கு எடுத்த படம்—மணலில் வீழ்ந்து கைவிரித்துக் கதறும் ஒரு பெண்—உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் அவ்வாண்டின் முதற்பரிசு பெற்றது. உலகம் கலங்கிற்று. மறு ஆண்டு ஆக்ஸ்பாம் வெளியிட்ட கணக்குக்குக் கலங்கினோர் எத்தனை பேர்? கடலூர் மாவட்டத்தில் மாண்டோர்: பெண்கள் 391, ஆண்கள் 146. ஆடவர் பலர் கடலில் படகிலிருந்தனர். பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தனர். நீச்சல் கற்பித்தாரில்லை, இடுப்பில் பிள்ளை, காலில் சேலை. அலையா ஆண் பெண் பார்த்தது? பார்த்தது நம் வழக்கமன்றோ! அழுகுரலைக் காட்டிய படம் இதைக் காட்டவில்லை; காண்போரும் 'விதி' என்று பெருமூச்செறிந்து பக்கத்தைப் புரட்டினர்.

ஏடு நடத்துவோரே! அடுத்த வெள்ளத்தில் அவள் முகத்தை நெருங்குமுன் கேளுங்கள்: என்ன இழந்தாய்? எத்தனை நாள் கூலி? நிவாரணப் பட்டியலில் உன் பெயர் உண்டா?

தோழர்களே! நம் படித்துறைகளில் பையன்கள் குதித்து நீந்துகிறார்கள். சிறுமியர் படியில் துணி துவைக்கிறார்கள். கோடையில் நீர் குறையும். அவர்களுக்கு நீச்சல் கற்பிக்க எத்தனை பேர் வருகிறீர்கள்?