ரோகிணிக்கு அரபுப் பெயர் ஏன்?

கேள்வி: கைப்பேசியில் வானத்தைக் காட்டும் செயலியில் ரோகிணியை ‘அல்டெபரான்’ என்று போட்டிருக்கிறார்கள். இது எந்த மொழி? விவசாயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அரபு மொழி. ‘அத்தபரான்’ என்றால் பின்னால் வருவது. கார்த்திகை உதித்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் ரோகிணி உதிக்கும். தை மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில் அண்ணாந்து பார்த்தால் ஆறு மீன் கூட்டமும் அதற்குக் கிழக்கே சிவந்த ரோகிணியும் தெரியும்.

கார்த்திகைக்கு அரபியில் சுரையா. பெண் குழந்தைகளுக்கு வைக்கும் அதே பெயர்தான். சுரையாவைப் பெண் கேட்டு, பரிசமாக ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு தபரான் பின்னாலேயே அலைகிறான் என்பது பாலைவனக் கதை. ரோகிணியைச் சுற்றியுள்ள சிறு மீன்கள்தான் அந்த ஒட்டகங்கள். நிலவின் பாதையை அரபுகள் 28 வீடுகளாகப் பிரித்ததில் சுரையா மூன்றாவது, தபரான் நான்காவது. பஞ்சாங்கத்திலும் அசுவினி, பரணிக்கு அடுத்து அதே வரிசைதான். 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அரபு வானியல் நூல்கள் லத்தீனுக்குப் போனபோது இத்தகைய பெயர்களும் சேர்ந்து போயின. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2016-ல் அல்டெபரானையே அதிகாரப்பூர்வப் பெயராக ஏற்றது.

விவசாயச் சம்பந்தம் முன்னால் போகிற சுரையாவிடம் இருக்கிறது. அது ஆண்டுக்குச் சுமார் 40 நாள் சூரியனை ஒட்டி மறைந்து கிடக்கும். கத்திரி வெயில் அதற்குள் அடக்கம். பிறகு விடியலில் கிழக்கே தலைகாட்டும். மதீனாவில் பேரீச்சையைப் பழுக்கும் முன்பே விலைபேசி விற்பார்கள். பணம் கேட்கும்போது, நோய் விழுந்துவிட்டது, காய் கெட்டுவிட்டது என்று வாங்கியவர் மறுப்பார். பூவிலேயே மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பழுக்கத் தொடங்கியது தெரியுமுன் விற்க வேண்டாம் என்று நபிகள் நாயகம் சொன்னார். ஸைத் பின் ஸாபித் என்ற தோழர், சுரையா உதித்து, மஞ்சள் பழம் எது, சிவப்புப் பழம் எது என்று பிரித்தறிய முடிகிற வரை தம் நிலத்துப் பழங்களை விற்கமாட்டார் என்று புகாரி தொகுப்பில் இருக்கிறது.

நட்சத்திரம் உதிப்பதால் நோய் போய்விடாது. அது நாள் காட்டும் அடையாளம் மட்டுமே. அந்த அடையாளமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சுரையா உதிக்கும் நாள் இந்த 1,400 ஆண்டுகளில் பருவத்தை விட்டு ஏறக்குறைய 20 நாள் பிந்திவிட்டது. இப்போது அது விடியலில் தெரியத் தொடங்குவது ஜூன் தொடக்கத்தில். அதற்குச் சுமார் 13 நாள் கழித்து, தபரான்.