மேனுவல் பெட்டியை முதலில் பிரிக்கட்டும்

வேகம் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் மேனுவலா ஆட்டோவா என்ற வழக்கு முடிந்து வெகுகாலம் ஆகிறது. 1989-ல் ஃபெராரி 640, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த நெம்புகோல்களால் கியர் மாற்றியே பிரேசில் பந்தயத்தை வென்றது. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 இரட்டைக் கிளட்ச் பெட்டியைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தது. போர்ஷே 911 ஜிடி3, 992 வரிசையில், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட பிடிகே எனும் இரட்டைக் கிளட்ச் பெட்டியோடு 3.4 வினாடி எடுக்கிறது. ஆறு கியர் மேனுவலோடு 3.9 வினாடி. எவ்வளவு தேர்ந்த கையும் காலும் அந்த அரை வினாடியை மீட்க முடியாது. ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நம் கிள்ளான் பள்ளத்தாக்குப் பட்டறைகளில் ஒரு பேச்சு பரவியிருக்கிறது: மேனுவல் முடிந்துபோன கதை, வேலை பழக வரும் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது வீண் என்று. இது தவறு. மேனுவல் பெட்டியைக் கையால் பிரித்துக் கோக்கத் தெரியாத போமன், உயர்திறன் காரின் இரட்டைக் கிளட்ச் பெட்டியையும் பழுதுபார்க்க மாட்டார். கழற்றி வேறொன்றை மாட்டுவார், அவ்வளவுதான்.

முதலில் மேனுவல் எங்கே போனது, எங்கே தங்கியிருக்கிறது என்று பார்ப்போம். 2005-ல் இரண்டு வகைப் பெட்டியோடும் வந்த பெரொடுவா மைவி, 2021 நவம்பரில் மேனுவலைக் கைவிட்டது. விலை குறைவு என்பதற்காகவே வாங்கப்பட்ட பெட்டி பல மலிவுக் கார்களை விட்டு விலகி, விலையுயர்ந்த கார்களில் போய் உட்கார்ந்திருக்கிறது. 2023-ல் 399,900 ரிங்கிட் விலையில் இங்கு வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், மேனுவலில் மட்டுமே கிடைத்தது. போர்ஷே 2013-ல் ஜிடி3-ஐப் பிடிகேயோடு மட்டும் விற்றுப் பார்த்தது. 2016-ல் 991 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட 911 ஆர், மேனுவலோடு வந்தது. அடுத்த ஆண்டே ஜிடி3-க்கும் மேனுவல் திரும்பிவிட்டது. 2025-ல் மேனுவல் ஜிடி3 ஒன்று நூர்பர்க்ரிங்கின் 20.832 கி.மீ. சுற்றை 6 நிமிடம் 56.294 வினாடியில் முடித்தது. 2021-ல் பிடிகே பூட்டிய ஜிடி3-க்கு அதே சுற்று 6 நிமிடம் 59.927 வினாடி ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் கார் மெருகேறியிருக்கிறது, உண்மைதான். ஆனாலும் மேனுவலைப் பழம்பொருள் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவற்றோடு, ஷா ஆலாமில் புரோட்டோன் செய்த சத்ரியா ஜிடிஐ-யை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2002-ல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட்டில் எஃப்ஐஏ உற்பத்திக் கார் உலக ராலிப் பட்டம் வென்ற நாடு இது. இத்தகைய மேனுவல் காரோடு பட்டறைக்கு வருகிறவர், வேறு வழியில்லாமல் அதை வாங்கியவர் அல்லர், விரும்பி வாங்கியவர். கியர் மாறும்போது வரும் சின்னக் கரகரப்பைக்கூட அவர் கவனித்துச் சொல்வார். அதைப் புரிந்துகொள்ளும் ஆள் நம்மிடம் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான காரணம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஃபோக்ஸ்வாகனின் டிகியூ250 இரட்டைக் கிளட்ச் பெட்டியைத் திறந்தவருக்குத் தெரியும்: ஒரு கிளட்ச் 1, 3, 5 கியர்களையும் ரிவர்ஸையும் ஓட்டுகிறது, மற்றது 2, 4, 6-ஐ. அதாவது ஒரே உறைக்குள் இரண்டு மேனுவல் பெட்டிகள். சிங்க்ரோ வளையம், ஸ்லீவ், ஃபோர்க் எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. ஃபோர்க்கைத் தள்ளுவது கை அல்ல, எண்ணெய் அழுத்தம். இரண்டாம் கியர் விழவில்லை என்று ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் கட்டுப்பாட்டு அலகான மெக்கட்ரானிக்கில் அழுத்தம் குறைந்திருக்கலாம்; ஃபோர்க் வளைந்திருக்கலாம்; ஃபோர்க்கின் காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டி சென்சாரைக் குழப்பியிருக்கலாம்; சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம். எது என்று ஸ்கேனர் சொல்லாது. வளையத்தைக் கியரின் கூம்பில் வைத்து அழுத்தித் திருப்பிப் பார்த்தால், நல்ல வளையம் உடனே கவ்விப் பிடிக்கும். தேய்ந்தது வழுக்கும், உள்பக்க வரிகள் மழுங்கிப் பளபளக்கும். வளையத்துக்கும் கியர்ப் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டு இடைவெளியை அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இந்தப் பழக்கம் மேனுவல் பெட்டியில்தான் வரும். அது இல்லாத இடத்தில் மெக்கட்ரானிக்கை மாற்றி, அதுவும் பலிக்காமல் கடைசியில் முழுப் பெட்டியையே மாற்றி, வாடிக்கையாளரின் பணத்தில் பாடம் படிக்கிறோம்.

கிளட்ச் விஷயத்திலும் இதே கதைதான், நம் ஊரில் இன்னும் அழுத்தமாக. மாலை நேரக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, உலர் இரட்டைக் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறிக்கொண்டே இருக்கிறது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் அந்தச் சூட்டை எண்ணெய்க்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் பிடிகே போன்ற உயர்திறன் பெட்டிகள் அந்த வழியில் போயின. 2013-ல் ஃபோக்ஸ்வாகன் ஏழு கியர் டிகியூ200 பெட்டி கொண்ட சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து எண்ணெயை மாற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில் அந்தப் பெட்டியில் கோளாறு வரக்கூடும் என்று அந்நிறுவனமே சொன்னது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் பெட்டி விவகாரத்தில் 2018-ல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கார் உதறுகிறது என்று வந்தவர்களிடம், நீங்கள் ஓட்டும் விதத்தால் வருவது என்று சொல்லி அனுப்பியதும் அந்த வழக்கில் வெளிவந்தது. கிளட்ச் உதறலை அறிந்த போமன், ஓட்டுநரைக் குற்றம் சொல்வதற்கு முன் தட்டைப் பார்ப்பார்.

ஆட்டோவுக்கு உரியதையும் கொடுத்துவிட வேண்டும். சிப்பாங்கின் நேர்பாதை முடிவில், உச்ச வேகத்திலிருந்து கியர் குறைக்கும்போது நான்கில் போட வேண்டியதை இரண்டில் போட்டுவிட்டால், மேனுவல் காரின் எஞ்சின் எல்லை மீறிச் சுழன்று வால்வும் பிஸ்டனும் மோதிவிடக்கூடும். இரட்டைக் கிளட்ச் பெட்டி அந்தக் கட்டளையை ஏற்காது. முறுக்குவிசையிலும் ஆட்டோவின் கை ஓங்கிவிட்டது: பிஎம்டபிள்யூ ஜி80 எம்3 மேனுவலில் 550 நியூட்டன் மீட்டர், ஆட்டோ மட்டுமே உள்ள காம்பெட்டிஷனில் 650. அந்த ஆட்டோவும் இரட்டைக் கிளட்ச் அல்ல, டார்க் கன்வெர்ட்டர் பெட்டி. 2024-ல் டொயோட்டா ஜிஆர் யாரிஸுக்கு வந்த எட்டு கியர் ஆட்டோவும் அவ்வகையே. அப்படியானால் சிங்க்ரோவைக் கற்று என்ன பயன் என்று கேட்கலாம். அந்தப் பெட்டிகளின் கோள்சக்கர அமைப்பு தனிப் பாடம், அதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச்சிலும் உள்ளே அடுக்கிய தட்டுகளிலும் நடப்பது அதே வழுக்கலும் அதே சூடும்தான். மின்கார் வந்தால் பெட்டியே இருக்காது என்பது அடுத்த கேள்வி. அது வரட்டும், அதற்கும் பழகுவோம். ஆனால் சாலையில் இன்று ஓடும் இரட்டைக் கிளட்ச் கார்கள் நாளைக்கே மறைந்துவிடப் போவதில்லை. புரோட்டோன் எக்ஸ்50, எக்ஸ்70 போன்ற சாதாரணக் குடும்பக் கார்களிலேயே அந்தப் பெட்டி வந்துவிட்டது. உத்தரவாதக் காலம் முடிந்ததும் அவை வரப்போவது நம் பட்டறைகளுக்குத்தான்.

பட்டறை முதலாளிகள் உடனே கவனிக்க வேண்டிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. 2014-ல் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே, ஆட்டோவுக்கு மட்டுமான டிஏ உரிமத்தைக் கொண்டுவந்தது. பையன்கள் பலர் அதை எடுத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். கிளட்ச் மாற்றி முடித்த டைப் ஆரைச் சாலையில் ஓட்டிப் பார்க்க அவர்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. ஓட்டிப் பார்க்க முடியாதவர் தன் வேலையையே சோதிக்க முடியாதவர். ஆகவே வேலைக்கு எடுக்கும்போதே மேனுவலுக்கும் செல்லும் டி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதை எடுக்கும் செலவைப் பட்டறையே ஏற்கட்டும். கூடவே பொத்தோங் கடையிலிருந்து பழைய புரோட்டோன் வீரா அல்லது சத்ரியா மேனுவல் பெட்டி ஒன்றை வாங்கி மேசைமேல் வையுங்கள். துணையில்லாமல் அதைப் பிரித்து, ஒவ்வொரு வளையத்தையும் அளந்து குறித்து, மறுபடி கோத்து எல்லாக் கியரும் விழுவதைக் காட்டிய பிறகு இரட்டைக் கிளட்ச் பெட்டியில் கை வைக்க விடுங்கள்.