‘பிடிக்கவில்லையென்றால் வெளியேறலாம்’

நீண்ட பதிவு. மறுக்க விரும்புவோர் முழுவதும் படித்துவிட்டு மறுக்குமாறு வேண்டுகிறேன்.

சென்ற வாரம் விடுதி வாசலிலுள்ள தேநீர்க்கடையில் பொருளியல் ஆய்வாளரான நண்பர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். இணைய ஏலத் தளங்கள் விற்பனையாளர்களிடம் பிடிக்கும் கட்டணங்களைப் பற்றிய பேச்சு. நான் குறைகளை அடுக்கிக்கொண்டே போக, அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்தார்: “பிடிக்கவில்லையென்றால் வெளியேறலாமே, யார் கட்டிப்போட்டிருக்கிறார்கள்?” உடனிருந்த மூவரும் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்புதான் என்னை எழுதவைத்தது. கட்டிப்போட்டிருப்பவர் யார் என்று அவர் விளையாட்டாகக் கேட்டதை நான் வினாவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பேச்சு தொடங்கியதற்குக் காரணம் ஒரு பெரியவர். தில்லியின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையை அறியாத ஆய்வு மாணவர் இங்கே அரிது. அச்சந்தை தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த நாள்முதல், 2019இல் அங்கிருந்து அகற்றப்பட்டு மகிளா ஹாட்டுக்குள் ஒதுங்கிய பின்னும் அதில் கடை விரித்து வருபவர் அவர். எல்லோருக்கும் அவர் ‘சாச்சா’. புத்தக வருவாய் போதாமல், பழைய பட அஞ்சலட்டைகளை வெளிநாட்டு ஏலத் தளமொன்றில் பதினோரு ஆண்டுகளாக விற்று வருகிறார். ஆங்கிலத்தில் வரும் கணக்கறிக்கையைப் படித்துச் சொல்வது என் வேலை. அதற்குக் கூலியாக, பழைய இலக்கண நூல் எது கைக்கு வந்தாலும் முதலில் எனக்கென்று எடுத்துவைப்பார்.

சென்ற மாதக் கணக்கில், அட்டைகளின் விலையில் நூற்றுக்கு முப்பத்திரண்டு ரூபாய் தளத்திற்கே போயிருந்தது. விற்பனைக் கட்டணம், அயல்நாட்டுப் பரிமாற்றக் கட்டணம், நாணய மாற்று, விளம்பரம், ஒவ்வோர் ஆணைக்குமான நிலைக்கட்டணம் என ஐந்து பெயர்கள். “எது எதற்கு, பேட்டா?” என்று கேட்டார். ஐந்தையும் இந்தியில் சொல்லிப் பார்த்தேன். மொழியியலில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர், ஐந்து பெயர்த்தொடர்களுக்குப் பொருள் சொல்ல முடியாமல் ஒரு கிழவர்முன் விழித்துக்கொண்டு நின்றதை என் நெறியாளர் பார்க்காதது நல்லதாயிற்று.

சாச்சாவை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருவருடைய கணக்கைக் கொண்டு ஒரு துறையையே குற்றம் சாட்டுவது முறையன்று. வரலாறும் விதிகளும் பொதுவெளியில் கிடைக்கும் ஈபேயை எடுத்துக்கொள்வோம்.

1995 செப்டம்பரில் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் தம் சொந்த வலைப்பக்கத்தின் ஒரு பகுதியாக அந்த ஏலத்தை இலவசமாகத் தொடங்கினார். கூட்டம் பெருகவே, இணைய இணைப்பு வழங்கிய நிறுவனம் அவருடைய மாதக் கட்டணத்தை 250 டாலராக உயர்த்தியது. அதை ஈடுகட்ட 1996 பிப்ரவரியில் அவர் விற்பனையாளர்களிடம் பங்கு கேட்டார்: 25 டாலருக்குட்பட்ட விலைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 2.5. வசூலிக்க எந்த ஏற்பாடும் அவரிடம் இல்லை. கொடுக்காதவரைத் தேடிப்பிடிக்கும் வழியும் இல்லை. ஆயினும் அஞ்சலில் உறைகள் வந்து குவிந்தன. சிலவற்றில் காசோலை, சிலவற்றில் அட்டையில் ஒட்டிய சில்லறைக் காசு.

விற்பனையாளர்கள் எதையும் இலவசமாகவே கேட்பவர்கள் என்று எண்ணுவோர் அந்த உறைகளை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். கிடைத்த பணிக்கு அவர்கள் கேட்டவுடன் கொடுத்தார்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய கட்டணத்தின் பெயரைப் பாருங்கள். அமெரிக்க ஈபேயில் அதனைத் தமிழில் ‘இறுதி மதிப்புக் கட்டணம்’ எனலாம். வேற்றுமை உருபு மறைந்து நிற்பதை நம் இலக்கணம் தொகை என்கிறது. பணத்திற்கும் தொகை என்றுதான் பெயர். இந்த ஒற்றுமை தற்செயல்தான், ஆனால் இங்கே மிகவும் பொருந்துகிறது. ‘மதிப்புக் கட்டணம்’ என்பதில் மறைந்திருப்பது எது? மதிப்பின் மீதான கட்டணமா? எனில் எதன் மதிப்பு? ஏலத்தில் எட்டிய விலை என்றே எவரும் எண்ணுவர். பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2011இல் அஞ்சல் செலவும் அந்த ‘மதிப்பி’னுள் சேர்க்கப்பட்டது. பணப்பட்டுவாடாவை ஈபே தன் கைக்குள் கொண்டுவந்தபின் அரசுக்குப் போகும் விற்பனை வரியும் அதனுள் புகுந்தது. பெயர் மாறவில்லை, பெயருக்குள் இருந்த பொருள்தான் வீங்கிக்கொண்டே வந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 2024இல் பெரும்பாலான பொருட்களுக்கு அங்கே கட்டணம் 13.25 விழுக்காடு, அதனுடன் பத்து டாலருக்கு மேற்பட்ட ஆணையொன்றுக்கு 40 சென்ட். ஒரு பொருள் 40 டாலருக்கு ஏலம் போகிறது. அஞ்சல் செலவு 10, விற்பனை வரி 4 என்று கொள்வோம். கட்டணம் 54 டாலருக்குக் கணக்கிடப்படும்: 7.15. நிலைக்கட்டணத்தையும் சேர்த்தால் 7.55. விற்பவருக்கு உரியதோ 40 டாலர் மட்டுமே. மீதி பத்து அஞ்சலகத்திற்கும் நான்கு அரசுக்கும் உரியவை. அந்த நாற்பதுடன் ஒப்பிட்டால் கட்டணம் ஏறக்குறைய 19 விழுக்காடு. 13.25 என்று அறிவிக்கப்பட்டது 19 ஆவதற்கு விகிதத்தை உயர்த்தவே தேவையில்லை. எதன்மேல் விகிதம் என்பதை விரித்தாலே போதும். விளம்பரக் கட்டணம் இதற்கும் மேலே. அதை எழுதத் தொடங்கினால் தனிப்பதிவு வேண்டும்.

இனி நண்பரின் வாதத்திற்கு வருகிறேன். இவ்வளவும் தெரிந்தபின் ஏன் வெளியேறுவதில்லை?

2008இல் அதற்கான முயற்சி நடந்தது. அவ்வாண்டு சனவரியில் ஈபே பொருளைப் பட்டியலிடும் கட்டணத்தைக் குறைத்து, விற்றபின் பிடிக்கும் கட்டணத்தை உயர்த்தியது. விலையின் முதல் 25 டாலருக்கு 5.25 விழுக்காடாக இருந்தது 8.75 ஆயிற்று. பிப்ரவரி 18 முதல் ஒரு வாரம் விற்பனையாளர் பலர் பொருள் எதையும் ஏலத்தில் வைக்காமல் புறக்கணித்தனர். பிறகு பெரும்பாலோர் திரும்பிவந்தனர். நண்பர் போன்றோர் இதனை ‘வெளிப்பட்ட விருப்பம்’ என்பார்கள்: திரும்பினார்கள், ஆகவே விரும்பினார்கள். நான் அவ்வாறு படிக்கவில்லை. திரும்பியவர்கள் அங்கே விட்டுவந்த ஒன்றை எடுக்கத் திரும்பினார்கள். அது அவர்களுடைய பெயர்.

‘நல்ல பெயர் வாங்குதல்’ என்கிறோம். கடை வீதியில் இருபதாண்டு நாணயமாக விற்றவர் வேறு தெருவுக்குக் கடையை மாற்றினால், அவர் வாங்கிய பெயரும் உடன் போகும். வாடிக்கையாளர் தேடிக்கொண்டு வருவர். ஏலத் தளத்தில் அப்பெயர், வாங்கியவர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான சிறு சொற்களாகவும் ஓர் எண்ணாகவும் இருக்கிறது. சொன்னவர்கள் வாங்கியவர்கள், சொல்லப்பட்டவர் விற்றவர், சொல்ல வைத்தது அவருடைய உழைப்பு. உரிமை மட்டும் தளத்திற்கு.

இது என் கற்பனையன்று. 1999இல் அமேசான் தன் ஏலப் பிரிவைத் தொடங்கியபோது, ஈபேயில் பெற்ற மதிப்பீடுகளை விற்பனையாளர்கள் உடன் கொண்டுவர இடமளித்தது. ஈபே கடுமையாக எதிர்த்தது. அம்மதிப்பீடுகள் தன் உடைமை என்றது. அமேசான் அவ்வசதியைக் கைவிட்டது. வெளியேறும் வாசல் ஒன்று திறந்திருந்தது. அதை அடைத்தவர் யாரென்பதும் பதிவாகியிருக்கிறது.

அப்பெயரின் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டநாள் நற்பெயருள்ள விற்பனையாளர் ஒருவர் ஒரே வகைப் பொருளைத் தம் பழைய கணக்கிலும் புதிய கணக்குகளிலும் ஏலத்தில் வைத்தார். பழைய பெயருக்கு வாங்குவோர் 8.1 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க அணியமாயிருந்தனர். விற்ற பொருள் என்ன தெரியுமா? பழைய பட அஞ்சலட்டைகள். சாச்சாவிடம் இதைச் சொன்னபோது, “இதற்கு ஆய்வு வேண்டுமா?” என்றார். அவர் மகன் வற்புறுத்தியதால் வேறொரு தளத்தில் கணக்குத் தொடங்கி, அதே அட்டைகளை இரண்டு மாதம் வைத்துப் பார்த்திருக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் சுழியம், கேட்பாரில்லை.

ஆக, வெளியேறுபவர் தம் விலையில் எட்டு விழுக்காட்டைப் போல விட்டுவிட்டுப் போக வேண்டும். தளம் கட்டணத்தை மூன்று, மூன்றரை என்று உயர்த்தும்போது அவர் இருந்துவிடுவதே கணக்குக்குச் சரி. அவர் இருப்பதைக் கொண்டு கட்டணம் நியாயமானது என்று நிறுவுவது, பிணைப்பொருளை மீட்க முடியாதவன் வட்டியை விரும்பிக் கட்டுகிறான் என்பது போன்றது.

இவ்விடத்தில் ஒருவர் ரோஷே, டிரோல் ஆகியோரின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரையை என்மேல் எறிவார் என்று தெரியும். இருபக்கச் சந்தையில் யாரிடம் எவ்வளவு பிடிப்பது என்னும் பகிர்வு முக்கியமானது. ஒரு பக்கத்தில் கூடுதலாகப் பிடிப்பதே மறுபக்கத்தைத் திரட்ட உதவலாம் என்பது அதன் வழி வரும் வாதம். ஏற்கிறேன். ஆனால் ஏலத்தில் அப்பகிர்வு பெரும்பாலும் பெயரளவிலானது. பிரித்தானியாவில் ஈபே 2024இல் தனிநபர் விற்பனையாளருக்கான விற்பனைக் கட்டணத்தை நீக்கியது. பாராட்டி எழுதிய மை உலர்வதற்குள், 2025 பிப்ரவரியில் ‘வாங்குவோர் பாதுகாப்புக் கட்டணம்’ வந்தது. மீண்டும் ஒரு தொகை: வாங்குவோரைப் பாதுகாக்கும் கட்டணமா, வாங்குவோர் செலுத்தும் கட்டணமா? இரண்டுமே என்று வைத்துக்கொண்டாலும், ஐம்பது பவுண்டுக்கு மேல் போகமாட்டேன் என்று இருப்பவர் கட்டணத்தையும் சேர்த்தே ஐம்பதில் நிற்பார். குறைவது விற்பவருக்குச் சேரும் பங்கு. பெயரில் வாங்குபவர் செலுத்துகிறார்; கையில் விற்பவர் இழக்கிறார்.

இணையம் கண்டுபிடித்த உத்தியும் அன்று இது. 1975இல் லண்டனில் கிறிஸ்டீஸ், சோதபீஸ் ஆகிய இரு பெரும் ஏல நிறுவனங்களும் வாங்குபவரிடமும் கழிவு பிடிக்கத் தொடங்கியபோது கலைப்பொருள் வணிகர்கள் போர்க்கொடி தூக்கினர். 1990களில் அவ்விரண்டும் விற்பவரிடம் பிடிக்கும் கழிவைத் தமக்குள் பேசி வைத்துக்கொண்டன. அது குற்றமெனக் கண்டு, 2001இல் சோதபீஸின் முன்னாள் தலைவர் ஆல்ஃபிரட் டாப்மனை நியூயார்க்கில் நடுவர் குழு குற்றவாளி என்றது. இரு நிறுவனங்களும் வாடிக்கையாளருக்கு 51.2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டன. விற்பவர் போக வேறிடம் இல்லாமற் செய்ததுதான் அங்கே குற்றத்தின் சாரம். இருவர் கூடிச் செய்தால் சிறை. ஒருவரே, விற்பவரின் பெயரைப் பூட்டி வைத்துக்கொண்டு செய்தால் அதற்கு ‘கொள்கைத் திருத்தம்’ என்று பெயர், மின்னஞ்சலில் வரும்.

தளம் எதுவும் செய்வதில்லை என்று நான் கூறவில்லை. ஏமாற்றுக்காரரைத் தடுக்கிறது, பணம் வந்துசேரப் பொறுப்பேற்கிறது, தில்லி நடைபாதைக்காரரின் அட்டையை ஓசுலோவில் உள்ளவர் கண்ணில் படச் செய்கிறது. இவற்றுக்குக் கூலி உண்டு. 13 விழுக்காடு மிகையா குறைவா என்பதில் கூட எனக்கு உறுதியான கருத்தில்லை. என் கோரிக்கைகள் வேறு. விற்பவர் கையில் நிற்காத அஞ்சல் செலவின்மீதும் வரியின்மீதும் கழிவு பிடிக்கக் கூடாது. ஏலத்தில் வைக்கும் முன்பே, எல்லாப் பிடித்தமும் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்பதை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, விற்பவர் தம் மதிப்பீடுகளை உடன் எடுத்துச்செல்ல உரிமை வேண்டும். கைப்பேசி நிறுவனத்தை மாற்றினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளும் உரிமை இந்தியாவில் 2011இலேயே நாடெங்கும் வந்துவிட்டது. எண்ணுக்கு முடிந்தது பெயருக்கு ஏன் முடியாது?

‘ஏலம்’ என்னும் சொல் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது, அவர்களுக்கு அரபியிலிருந்து. அரபி மூலத்துக்கு ‘அறிவிப்பு’ என்று பொருள். இதைச் சாச்சாவிடம் சொன்னேன். அவர், தமக்கு அந்த அறிவிப்பு மாதக் கடைசியில்தான் வருகிறது என்றார்.

பொருளியல் நண்பருக்கு இதை இணைத்திருக்கிறேன்; விடை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏலத் தளங்களில் விற்ற அனுபவம் உள்ளவர்கள், பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு, ஏதேனும் ஒரு மாதத்தின் கணக்கறிக்கையை உட்பெட்டியில் அனுப்பினால் உதவியாக இருக்கும். கட்டணப் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை இருபத்து மூன்று கிடைத்துள்ளன.