டன்லப் நிறுத்தம் இருக்கிறது, கட்டடங்கள்?

அம்பத்தூர் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் கண்டக்டரிடம் கேட்டு வாங்கும் டிக்கெட்டுகளைக் கவனித்தால், ஒரு தொழில் வரலாறே காதில் விழும். டன்லப், டி.ஐ. சைக்கிள், பாடிக்கு வந்தால் பிரிட்டானியா, லூகாஸ். டன்லப்பில் டயர் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நிறுத்தத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. எந்த அரசாணையும் இல்லாமல் மக்கள் காத்துவரும் வரலாறு அது. ஆனால் பெயரைக் காத்த அளவுக்குக் கட்டடங்களைக் காக்க இங்கே ஏற்பாடு இல்லை.

பழைய கட்டடம் என்று பேச்செடுத்தாலே சென்னையில் எல்லோர் நினைவும் ஜார்ஜ் டவுனுக்கும் மவுண்ட் ரோட்டுக்கும்தான் போகிறது. காரணம் இல்லாமல் இல்லை. மவுண்ட் ரோட்டில் 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் வேலை 2006-ல் தொடங்கியபோது, பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்து, பாரம்பரியக் கட்டடங்களுக்கெனத் தனிக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்திருந்த 467 கட்டடங்களின் பட்டியலுக்கும் அந்தத் தீர்ப்பால் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் பட்டியல் தயாரான காலத்தில் அம்பத்தூர், சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்த தனி நகராட்சி. மாநகராட்சியில் சேர்ந்தது 2011-ல்தான். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது.

மேற்குப் புறநகர் நேற்று முளைத்ததல்ல. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரரைச் சுந்தரர் பாடியிருக்கிறார். அந்தக் கோயிலின் எருக்கந்தூண்களைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் பூந்தமல்லி. மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரின் திருநின்றவூர், ஆவடி தாண்டினால் வந்துவிடும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இவ்வழியாகத்தான் போனது. 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானம் போட்ட இடம் ஆவடி.

கோயில்களுக்குப் பக்தர்கள் உண்டு, அறநிலையத் துறை உண்டு. தொழிற்கூடங்களுக்கும் அவற்றையொட்டி எழுந்த தெருக்களுக்கும் யார் உண்டு?

அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் அரை கிரவுண்டும் ஒரு கிரவுண்டும் வாங்கி, திண்ணை வைத்து, முன்னால் ஒரு வேப்பமரம் நட்டு வீடு கட்டினார்கள். வடக்கு வெளிச்சம் உள்ளே விழும்படி ரம்பப் பல் வடிவில் கூரை போட்ட ஷெட்டுகள், தொழிலாளர் குடியிருப்புகள், கட்டை உத்தரத்தின் மேல் மெட்ராஸ் ஒட்டு போட்ட இன்னும் பழைய வீடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பகுதியின் வரலாறு. கவர்னர் குடியிருந்த மாளிகைக்குத் தரும் மரியாதையை, முதல் தலைமுறைத் தொழிலாளி நின்று வேலை செய்த கூடத்துக்கும் தர வேண்டும்.

வீட்டு உரிமையாளரைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. பாகப்பிரிவினை வந்தால் நாலு பேருக்குப் பங்கு வேண்டும். சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. பூந்தமல்லி வரை மெட்ரோ வரும்போது நிலத்தின் விலை எங்கே நிற்கும் என்று சொல்லவும் வேண்டாம். இதற்கும் வழி உண்டு. மும்பை 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பவர், அங்கே கட்ட முடியாமல் போன பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ அதில் வழி இருந்தது. இழப்பை உரிமையாளர் தலையில் மட்டும் கட்டாத ஏற்பாடு அது.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது 2012-ல். அதன் பலன் ரிங் ரோட்டைத் தாண்டி வர வேண்டுமானால், முதலில் இங்கே எது இருக்கிறது என்ற கணக்கு வேண்டும். அம்பத்தூர் மண்டலமும் ஆவடி மாநகராட்சியும் பூந்தமல்லி நகராட்சியும் கட்டடக்கலை மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து எழுதலாம். ஐம்பது வயது தாண்டிய கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டால், புகைப்படங்களும் அளவெடுத்த வரைபடமும் கோப்பில் சேர வேண்டும் என்று விதி போடலாம். அந்தக் கோப்பு உள்ளூர் நூலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். மெட்ரோ வேலை முடிவதற்குள் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து இதைத் தொடங்குவது நல்லது.